பொட்டாசியம் போன தடம்

தென்மேற்குப் பருவமழையில் ஏலக்காயைத் தாக்கும் அழுகல் நோய்க்குத் தோட்டங்களில் அடிக்கும் மருந்துகளில் ஒன்று பொட்டாசியம் பாஸ்பொனேட். போடிநாயக்கனூரில் வீடும் போடிமெட்டுக்கு மேலே தோட்டமுமாக இருப்பவர்களுக்குப் பழகிய பெயர். ஈஸ்ட் நஞ்சுகள் பற்றிய பழைய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு அதன் முன்பாதிதான் உறுத்தியது. நான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த கொலையிலும் பொட்டாசியமே தடயம்.

அந்த வழக்கு 1963இல் தொடங்குகிறது. சில ஈஸ்ட்டுகள் பக்கத்திலிருக்கும் வேறு ஈஸ்ட்டுகளைக் கொல்வதை பெவனும் மேக்கோவரும் அறிவித்தார்கள். கொலைக்கருவி ஒரு புரதம். அதற்கான மரபுக் குறிப்பு, கொல்லும் ஈஸ்ட்டுக்குள் குடியிருக்கும் வைரஸினுடையது. உயிருள்ள செல் பொட்டாசியத்தை வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக உள்ளே சேர்த்து வைத்திருக்கும். கே1 என்ற இந்த நஞ்சு பட்டால் அது ஒழுகிப் போகிறது.

எந்த வழியாக? 1999இல் ‘செல்’ இதழில் ஒரு குழு, ஈஸ்ட்டின் சொந்தப் பொட்டாசியக் கால்வாயான டாக்1ஐ நஞ்சு திறந்துவிடுகிறது என்றது. 2002இல் அதே இதழில் பிரைனிக், டிப்பர், ஷ்மிட் மூவரும் வேறு பெயரைச் சொன்னார்கள்: சவ்வில் நஞ்சு பற்றிக்கொள்ளும் இடம் கிரெ1 என்ற புரதம், அது இல்லாத செல்லை நஞ்சு தொடுவதில்லை. டாக்1 அறவே இல்லாத செல்களோ வழக்கம்போலச் செத்தன. முதல் குழு அளந்த மின்னோட்டம் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாவுக்கு அந்தக் கால்வாய் தேவையில்லை என்றாகிவிட்டது.

இதே ஒழுக்கு நம் ஊர்த் தென்னந்தோப்பிலும் உண்டு. 1964இல் பிம்பிரியின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில் திருமலாச்சார் குழு ஆரியோஃபங்ஜினை வெளியிட்டது. பாலியீன் வகை மருந்து. பூஞ்சைச் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியம் கசியும். 1952 புயலுக்குப் பின் தெரியவந்த தஞ்சாவூர் வாடல் நோய்க்கு அதைத் தென்னை வேர் வழியாகக் கொடுக்கிறார்கள். பென்சில் கனமுள்ள இளவேரைச் சாய்வாக வெட்டி, 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் ஆரியோஃபங்ஜின்-சாலும் 1 கிராம் மயில்துத்தமும் கரைத்த பாலித்தீன் பைக்குள் நுழைத்துக் கட்டுவது முறை. அங்கே குற்றவாளி கானோடெர்மா, அசல் பூஞ்சை.

அப்படியானால் ஏலத்துக்கும் ஆகுமா? காயில் நீர் கோத்த புள்ளி விழுந்து, நிறம் மங்கி, நாற்றத்தோடு உதிரும் அந்த அழுகலை 1972இல் மேனனும் உடனிருந்தோரும் பதிவு செய்தார்கள். காரணம் பைட்டாப்தோரா. விடை அதற்குப் பத்தாண்டு முந்தைய ஒரு சமையல் குறிப்பில் கிடைத்தது. 1962இல் எக்கர்ட், சாவோ இருவரும், நோயுற்ற வேரிலிருந்து பைட்டாப்தோராவைத் தனியே பிரிக்க, வளர்ப்பு ஊடகத்தில் பிமாரிசின் கலந்தார்கள். அதுவும் பாலியீன்தான். மற்ற பூஞ்சைகள் அடங்கிவிடும். பைட்டாப்தோரா மட்டும் சாவகாசமாகப் படரும். அது எர்கோஸ்டிரால் செய்வதே இல்லை. பூஞ்சைபோல் தோன்றினாலும் பழுப்புப் பாசிக்கு நெருங்கிய உறவு. (இதில் ஒரு குறும்பு: பிமாரிசின் எர்கோஸ்டிராலைப் பிடிக்கும், ஆனால் சவ்வில் ஓட்டை போடாது என்று 2008இல் காட்டினார்கள். கொல்லும் விதம் வேறு. பிடிக்க எர்கோஸ்டிரால் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.)

பாஸ்பொனேட்டின் பொட்டாசியம்? அதை நான் வீணாகச் சந்தேகித்தேன் என்றுதான் பட்டது. பாஸ்பரஸ் அமிலத்தை அப்படியே தெளித்தால் இலை கருகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காரத்தன்மையால் தணிக்கிறார்கள். நோய்க்கிருமியை ஒடுக்குவதும் செடியின் எதிர்ப்பைத் தூண்டுவதும் பாஸ்பொனேட்.

ஏலத்தின் இன்னொரு நோயான தூர் அழுகலில் மட்டும் கோப்பை மூட முடியவில்லை. அதற்குப் பித்தியம் வெக்சான்ஸும் ரைசோக்டோனியா சொலானியும் பொறுப்பாளிகளாகப் பதிவாகியிருக்கின்றன. முன்னது பைட்டாப்தோராவின் உறவு, பின்னது அசல் பூஞ்சை. செடி சாய்ந்து கிடப்பதை வைத்து எது என்று சொல்லிவிட முடியாது. கிழங்குத் துண்டைப் பிமாரிசின் ஊடகத்தில் வைத்துப் பார்த்தால் பித்தியம் வளர்ந்து காட்டிக்கொடுக்கும்.