கிளர்நிலை நேர்மின்னி மாற்றம்

கிளர்நிலை நேர்மின்னி மாற்றம் என்பது ஒளியை உட்கவர்ந்து கிளர்வுற்ற ஒரு மூலக்கூறிலிருந்து நேர்மின்னி (புரோத்தன்) வேறொரு மூலக்கூறுக்கோ, அதே மூலக்கூறின் வேறொரு பகுதிக்கோ பெயரும் வினையாகும். இவ்வினையில் நீர் வெறும் கரைப்பானாக மட்டும் இருப்பதில்லை. நேர்மின்னியை ஏற்றோ கடத்தியோ தானும் பங்கு கொள்கிறது.

வரலாறு

ஒளியால் கிளர்வுறும்போது சில கரிமச் சேர்மங்களின் அமில வலிமை பெரிதும் மாறுவதை செருமானிய வேதியியலாளர் தியோடர் ஃபோர்ஸ்டர் 1950ஆம் ஆண்டளவில் விளக்கினார். ஆல்பர்ட் வெல்லர் இவ்வாய்வுகளைத் தொடர்ந்தார்.

நீரின் பங்கு

1-நாப்தால் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இயல்பு நிலையில் இது வலிமை குன்றிய அமிலம். இதன் அமிலத்திறன் எண் சுமார் 9.2. கிளர்நிலையில் இவ்வெண் ஏறத்தாழ 0.4 ஆகக் குறைகிறது. ஓர் அலகு குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும் என்பதால், இது பல கோடி மடங்கு உயர்வாகும். நீரில் சில பத்து பிக்கோநொடிகளுக்குள் நேர்மின்னி பிரிந்துவிடுகிறது. எஞ்சும் எதிரயனி 460 நானோமீட்டரை ஒட்டி நீலநிறத்தில் ஒளிர்கிறது. தூய எத்தனாலில் இவ்வினை நிகழ்வதில்லை. புற ஊதாப் பகுதியில், 360 நானோமீட்டரை ஒட்டிய ஒளிர்வே காணப்படும். நேர்மின்னியை ஏற்று நிலைப்படுத்த ஒற்றை நீர் மூலக்கூறு போதாது. ஐதரசன் பிணைப்புகளால் இணைந்த நீர்க் கொத்து தேவைப்படுகிறது.

சில மூலக்கூறுகளில் நீர் பாலமாகச் செயற்படுகிறது. 7-அசாயிண்டோலில் ஒரு நீர் மூலக்கூறு ஒருபுறம் நேர்மின்னியைப் பெற்று, மறுபுறம் வேறொன்றைக் கொடுக்கிறது. 7-ஐதராக்சிகுயினோலினில் கொடுக்கும் முனையும் ஏற்கும் முனையும் தொலைவில் உள்ளதால், பல மூலக்கூறுகள் கொண்ட சங்கிலி தேவைப்படுகிறது.

உயிரினங்களில்

ஒருவகை இழுதுமீனில் காணப்படும் பச்சை ஒளிர்புரதத்திலும் இவ்வினை நிகழ்கிறது. நிறந்தாங்கி விடுக்கும் நேர்மின்னி, ஒரு நீர் மூலக்கூறு, செரீன், குளூட்டாமிக் அமிலம் ஆகியவற்றாலான சங்கிலி வழியே செல்கிறது. அதன் பின்னரே பச்சை ஒளி வெளிப்படுகிறது.

தமிழகத்தில் ஆய்வு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் குமார் மிஸ்ரா குழுவினர், 1990களின் இறுதியிலிருந்து, 1-நாப்தாலின் இப்பண்பைக் கொண்டு கொழுப்புச் சவ்வுகளை ஆராய்ந்தனர். சவ்வின் உட்பகுதியில் நீர் அரிது என்பதால் அங்குள்ள நாப்தால் தன் நேர்மின்னியை எளிதில் இழப்பதில்லை. எனவே புற ஊதா ஒளிர்வுக்கும் நீல ஒளிர்வுக்கும் உள்ள விகிதம், சவ்வினுள் நீர் எந்த அளவு புகுந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. வெப்பநிலையாலும் பித்த உப்புகளாலும் சவ்வில் ஏற்படும் மாற்றங்களை இம்முறையில் அறியலாம்.

இவற்றையும் பார்க்க

ஒளிர்வு
ஐதரசன் பிணைப்பு
அமிலம்