ஓரத்து இலக்கங்களும் ஒரு பெடியனின் பழியும்

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவிப் பார்க்கிறவர்கள் முதலில் பழகவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. வெறுமையாக வந்த நெகட்டிவ்வை உடனே குப்பையில் போடக்கூடாது. அதன் ஓரத்தைப் பார்க்கவேண்டும். பிலிம் செய்த கொம்பனி அங்கே இலக்கங்களை முன்கூட்டியே ஒளியால் பதித்திருக்கும். இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்து படங்கள் மட்டும் இல்லையென்றால், டெவலப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது. பிலிமில் வெளிச்சமே படவில்லை, பிழை கமராப் பக்கம். இலக்கங்களும் இல்லையென்றால் பிழை கழுவினதில்.

இந்தச் சின்னப் பரிசோதனையை மனதில் வைத்துக்கொண்டு 1944க்குப் போவோம்.

யூன் 6 அன்று நோர்மண்டியின் ஒமாஹா கடற்கரையில், லைஃப் சஞ்சிகைக்காக றொபேட் கப்பா படம் எடுத்தார். பிலிம்கள் லண்டன் அலுவலகத்துக்கு வந்தன. சரியான அவசரம். இருட்டறையில் நின்ற இளம் உதவியாளர் காயவைக்கும் அலுமாரியில் சூட்டைக் கூட்டிவிட்டார், பிலிமின் மேற்படலம் உருகிவிட்டது என்பதுதான் உலகம் நம்பிய கதை. கப்பா 1947இல் எழுதிய நினைவுநூல் 106 படங்களில் 8 மிஞ்சியதாகச் சொல்கிறது. படத் தொகுப்பாசிரியர் ஜோன் மொறிஸோ நாலு சுருளில் 11 மிஞ்சியது என்று பல தசாப்தங்களாகச் சொல்லி வந்தார். கணக்கே ஒத்துவரவில்லை தானே.

2014இல் விமர்சகர் ஏ. டி. கோல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைக் கிளறினார்கள். காயவைக்கும் அலுமாரியின் சூட்டில் படலம் அப்படி உருகாது என்றார்கள். மிஞ்சிய படங்கள் பிலிமின் துளைகளுக்குள்ளும் பரவியிருப்பதை, படலம் வழுக்கியதற்கு அத்தாட்சியாகக் காட்டி வந்தவர்கள் உண்டு. ஆனால் உருகின படலம் நேர்கோட்டில் நகராது. உருவங்கள் நெளிந்து குழம்பியிருக்கும். காசெட் கமராவுக்குள் சரியாகப் பொருந்தாததே காரணம் என்பது கோல்மன் தரப்பின் விளக்கம். அதாவது, பிழை கடற்கரையிலேயே நடந்தது, இருட்டறையில் இல்லை.

சூடு பிலிமைக் கெடுக்காது என்றில்லை. சூடான கரைசலில் இருந்து திடீரெனக் குளிர்ந்த தண்ணிக்குப் போனால் படலம் வரண்ட குளத்துச் சேறு மாதிரி நுணுக்கமாக வெடிக்கும். ஆனால் அந்த வெடிப்பு, பார்த்தவுடன் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே 2014இல் மொறிஸும் இறங்கி வந்தார். மற்றச் சுருள்களில் முதலிலேயே ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்றார்.

இதனால் கப்பாவின் துணிச்சல் குறைந்துபோகாது. குண்டுகளுக்கு நடுவே கமராவோடு தண்ணிக்குள் இறங்கியவர் அவர். மிஞ்சியவை சில படங்களே என்றாலும் அவை அந்த நாளின் சாட்சிகள். எங்களை உறுத்துவது வேறு. எழுபது வருசமாக ஒரு பழியை, பதில் சொல்ல மேடையே கிடைக்காத ஒரு இருட்டறைப் பெடியன் சுமந்தான். பெரிய ஆட்களின் கதை சுவையாக இருந்ததால் ஒருவரும் பிலிமின் பக்கம் நின்று கேட்கவில்லை. வெறுமையான அந்தச் சுருள்கள் இன்று இருந்திருந்தால், ஓரத்தைப் பார்க்க ஒரு நிமிசம் போதும்.

ஆகவே, அடுத்த முறை வெறும் பிலிம் கையில் வந்தால், ஆரையும் குற்றம் சொல்ல முதல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. பார்த்த பிறகும் எறியாதேங்கோ.