பேயர்ன் மியூனிக் - 1860 மியூனிக்: அரங்கின் பங்குதாரர் வாடகைதாரரான வரலாறு

ஜெர்மனியின் மியூனிக் நகரம் என்றதும் கால்பந்து ரசிகர்களின் நினைவுக்கு வருவது பேயர்ன் மியூனிக் அணி. அதே நகரில் நீல நிறச் சீருடையில் விளையாடும் 1860 மியூனிக் என்ற மற்றோர் அணி இருப்பதை ஜெர்மனிக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. ஆனால், 1960-களின் முற்பகுதியில் நகரின் முதன்மை அணியாக விளங்கியது 1860 மியூனிக்தான்.

ஜெர்மனியின் தேசிய லீக்கான பன்டஸ்லிகா 1963-ஆம் ஆண்டு 16 அணிகளுடன் தொடங்கப்பட்டது. ஒரே நகரிலிருந்து இரண்டு அணிகளைச் சேர்க்க ஜெர்மன் கால்பந்து சங்கம் விரும்பவில்லை. அந்த ஆண்டு தென் மண்டல லீக்கில் சாம்பியன் பட்டம் வென்றிருந்த 1860 மியூனிக்குக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் நிலை லீக்கில் விடப்பட்ட பேயர்ன், ஃபிரான்ஸ் பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மையர் ஆகிய இளம் வீரர்களுடன் 1965-இல் பன்டஸ்லிகாவுக்கு முன்னேறியது.

இவர்களில் பெக்கன்பவர், 1860 அணியின் ரசிகராக வளர்ந்தவர். அந்த அணியில் சேரவே எண்ணியிருந்த அவர், சிறுவர்களுக்கான ஆட்டம் ஒன்றில் 1860 வீரர் ஒருவர் தன்னைக் கன்னத்தில் அறைந்ததால் மனம் மாறி பேயர்னில் சேர்ந்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார்.

1860 மியூனிக் 1966-இல் பன்டஸ்லிகா பட்டத்தை வென்றது. அதுவே இன்றுவரை அதன் ஒரே பன்டஸ்லிகா பட்டமாகும். பேயர்ன் தனது முதல் பன்டஸ்லிகா பட்டத்தை 1969-இல்தான் வென்றது. அதன்பின் நிலைமை வேகமாகத் தலைகீழானது. 1974 முதல் 1976 வரை தொடர்ந்து மூன்று முறை பேயர்ன் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1970-இல் தரமிறக்கப்பட்ட 1860, நிதி நெருக்கடியால் 1982-இல் தொழில்முறை லீக்கில் விளையாடும் உரிமத்தையே இழந்தது. 1994-இல் மீண்டும் பன்டஸ்லிகாவுக்குத் திரும்பியது. 1999-2000 பருவத்தில் பேயர்னை இரண்டு லீக் ஆட்டங்களிலும் தோற்கடித்து நான்காம் இடம் பிடித்தது.

இந்த எழுச்சியின் நம்பிக்கையில்தான் அலையன்ஸ் அரங்கத் திட்டத்தில் 1860 சரிபாதிப் பங்குதாரராக இணைந்தது. 2001-இல் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் மியூனிக் மக்கள் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். சுமார் 34 கோடி யூரோ செலவில் கட்டப்பட்ட அரங்கின் வெளிப்புறம், பேயர்ன் ஆடும் நாளில் சிவப்பாகவும், 1860 ஆடும் நாளில் நீலமாகவும் ஒளிர்ந்தது. 2005 மே 30 அன்று அங்கு முதலில் களமிறங்கியதும் 1860 அணியே. பேயர்ன் மறுநாள்தான் விளையாடியது.

ஆனால், அதற்கு ஓராண்டு முன்பே 1860 மீண்டும் இரண்டாம் நிலைக்குத் தரமிறக்கப்பட்டிருந்தது. சுமார் 66,000 பேருக்கு இடமுள்ள அரங்கின் பாதிச் சுமையை இரண்டாம் நிலை லீக்கின் வருவாயைக் கொண்டு தாங்க முடியவில்லை. திவால் அபாயத்தை எதிர்கொண்ட அந்த அணியின் 50 சதவீதப் பங்குகளை 2006 ஏப்ரலில் 1.1 கோடி யூரோவுக்குப் பேயர்ன் வாங்கிக்கொண்டது. போட்டி அணியைப் பேயர்ன் காப்பாற்றியது என்று கூறுவதிலும், மலிவு விலையில் அரங்கம் முழுவதையும் கைப்பற்றியது என்று கூறுவதிலும் உண்மை உண்டு. எனினும், அரங்கின் மீதிருந்த கடனும் பங்குகளுடன் சேர்ந்தே கைமாறியது என்பது குறிப்பிடத்தக்கது. அந்தக் கடன் முழுவதையும் பேயர்ன் 2014-க்குள் அடைத்துவிட்டது.

அதே அரங்கில் 1860 வாடகைதாரராகத் தொடர்ந்தது. 2008 பிப்ரவரியில் ஜெர்மன் கோப்பை காலிறுதியில் இரு அணிகளும் மோதின. கூடுதல் நேரத்தின் இறுதி நிமிடத்தில் ஃபிராங்க் ரிபெரி அடித்த பெனால்டி கோலால் பேயர்ன் வென்றது.

2011-இல் ஜோர்டானைச் சேர்ந்த தொழிலதிபர் ஹசன் இஸ்மாயிக் 1860 அணியில் முதலீடு செய்தார். 2017 மே 30 அன்று, அரங்கில் தனது முதல் ஆட்டத்தை ஆடிய அதே தேதியில், ரீகன்ஸ்பர்க் அணியிடம் தோற்று 1860 மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அந்த லீக்கின் உரிமத்துக்குத் தேவையான பணத்தை உரிய காலத்தில் செலுத்த இயலாததால், நேராக நான்காம் நிலைக்குச் சென்றது. சில வாரங்களில் அரங்க வாடகை ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

கீஸிங் பகுதியில் உள்ள, மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய குருன்வால்டர் மைதானத்துக்கு அணி திரும்பியது. சுமார் 15,000 பேருக்கு இடமுள்ள அந்த மைதானத்தையும் அது பேயர்னுடனேயே பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. பேயர்னின் இரண்டாம் அணி தனது உள்ளூர் ஆட்டங்களை அங்குதான் விளையாடி வந்தது. 2018-இல் 1860 மூன்றாம் நிலைக்கு உயர்ந்தது. 2019-20 பருவத்தில் அந்த லீக்கின் சாம்பியன் பட்டத்தை வென்றது, பேயர்னின் இரண்டாம் அணி.