லூபஸ் நோய்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பேதலித்து, சொந்தத் தோலையும் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் இரத்த அணுக்களையும் பகையாகப் பாவித்துத் தாக்குவதால் விளையும் நாட்பட்ட வியாதி லூபஸ் எனப்படும். இது தொற்றுநோயன்று. நோயுற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் ஸ்திரீகள். அவர்களிலும் 15 முதல் 45 வயதுக்குட்பட்டோரே மிகுதி. தில்லிக்கு அருகே கிராம மக்களிடையே நடந்து 1993-இல் வெளியான கணக்கெடுப்பு லட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இந்நோய் உண்டென்றது. கண்டறியப்படாமலே போனவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்றே தோன்றுகிறது.

மதுரை மாவட்டத்துப் பேரையூர் வட்டாரம் போன்ற கரிசல் பூமியில், பகலெல்லாம் வெயிலில் நின்று பருத்தி எடுக்கும் ஒரு பெண்ணுக்குக் கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் படரும் தடிப்பு, மேனாட்டு வைத்திய நூல்களில் வருணித்தபடி சிவந்து தோன்றாமல், மாநிறத் தோலில் கருமையாகவே படிவதால், வீட்டார் அதை மங்கு என்று எண்ணி மஞ்சள் பூசச் சொல்வர். காலையில் விரல்கள் மடங்க மறுத்தால் வாதம் என்பர். 2006-இல் சிக்குன்குனியா தமிழகத்தை ஆட்டிவைத்த பிறகு அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது. காய்ச்சலும் மெலிவும் மாதக்கணக்கில் நீடித்தாலோ காசநோய்ச் சந்தேகம் எழும். அதுவும் நியாயமான சந்தேகமே. இவ்வாறு தடிப்பு ஒரு வைத்தியரிடமும், மூட்டுவலி மற்றொருவரிடமும், சோகை இன்னொருவரிடமும் பிரிந்து செல்ல, முழு வியாதியை எவரும் ஒருசேரக் காண்பதில்லை. லூபஸ் நிர்ணயத்தின் பிரதான இடையூறு இதுவே.

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ் குழுவினர் கண்ட 'எல்.ஈ. செல்' என்னும் விசேஷ அணு லூபஸுக்கு முதல் ஆய்வகச் சான்றாயிற்று. இன்று ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை வழக்கில் உள்ளது. அது பாஸிடிவ் என்று வந்தவரெல்லாம் லூபஸ் நோயாளிகள் ஆகார். ஆரோக்கியமானவர்க்கும் அவ்வாறு வருவதுண்டு. சிறுநீரில் புரதம் கழிகிறதா என்பதைப் பார்ப்பதே அவசரமானது. ஏனெனில் இந்நோயில் வலியின்றியே சிறுநீரகம் பழுதாகிவிடக்கூடும்.

சிகிச்சையின் அஸ்திவாரம் மலேரியாவுக்கு வழங்கிய ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை. நெடுங்காலம் உண்டால் சிலருக்கு விழித்திரை கெடக்கூடும்; ஆதலால் காலந்தோறும் கண் பரிசோதனை அவசியம்.  நோய் உக்கிரமாகும்போது ஸ்டீராய்டும், சிறுநீரகம் தாக்குண்டால் மைக்கோஃபீனலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்றவையும் பிரயோகிக்கப்படுகின்றன. ஸ்டீராய்டால் முகம் ஊதிவிட்டதென்று வெட்கி, வைத்தியரைக் கேளாமல் அதைத் திடீரென நிறுத்துவோர் உளர். அது உயிருக்கே ஆபத்து. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின், வைத்தியர் ஆலோசனையுடன் கருத்தரித்தல் நலம்.

மூட்டுவலியும் முகத்தடிப்பும் விடாத காய்ச்சலும் ஒருங்கே கண்டவர், பேரையூரிலிருந்து திருமங்கலம் வழியாக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுகையில், பழைய சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் சென்று ஒரே வைத்தியரிடம் காட்டுக.