காணொளி ஏற்றுமதியில் சட்டக அளவும் கோடெக்கும்

தொகுத்து முடித்த காணொளியை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வேலைக்கு ஏற்றுமதி என்று பெயர். எடிட்டிங் அறைகளில் இதை 'எக்ஸ்போர்ட்' என்பார்கள். 'ரெண்டர் போடுவது' என்றும் சொல்வார்கள். அப்போது மென்பொருள் கேட்கும் கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. படம் எத்தனை பிக்சல் அகலம், எத்தனை பிக்சல் உயரம் என்பது முதலாவது. இதுவே சட்டக அளவு. அதை எந்த முறையில் சுருக்கி எழுதுவது என்பது இரண்டாவது. சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த அந்த நிரலே கோடெக். திரையில் இவை தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிந்தாலும், கோடெக்கைத் தேர்ந்த மாத்திரத்தில் எந்த அளவுகள் செல்லும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும். அடோபி பிரீமியரில் மினி டி.வி. (MiniDV) கேசட்டுக்கு உரிய கோடெக்கைத் தேர்ந்தால், நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய பால் (PAL) முறையில் அளவு 720×576 என்று பூட்டிக்கொள்ளும். வேறு எண்ணைத் தட்ட முடியாது. இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

கட்டங்களின் தொடக்கம்

சுருக்காமலே எழுதினால் என்ன என்ற கேள்விக்கு எளிய கணக்கே பதில். 1920×1080 அளவுள்ள ஒரு படத்தில் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 62,20,800 பைட். விநாடிக்கு 25 படம் என்றால் 15.5 கோடி பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 ஜி.பி. ஒரு கல்யாண வீடியோவை இப்படி எழுதினால் வட்டுகளை அடுக்க ஒரு பீரோ வேண்டும்.

சுருக்குவதற்கு வழிகாட்டியது 1974இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் எழுதிய அதன் பொருள், தனிநிலைக் கொசைன் உருமாற்றம். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். இந்த ஆய்வுக்காக அகமது கேட்ட நிதியை அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் தரவில்லை. இன்று கைபேசியில் ஓடும் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கின் வழிவந்தவை. படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் எட்டாத நுணுக்கத்தை உதறிவிடுவது இதன் சாரம். வெட்டு என்று வந்துவிட்டால் வகுத்தலும் வந்துவிடுகிறது. அளவுத் தொல்லைகள் எல்லாம் அங்கிருந்துதான் பிறந்தன.

தொலைபேசிக் கம்பி வழியே காணொளி அனுப்புவதற்காக 1988இல் முதல் வடிவம் பெற்ற எச்.261 தரம் இந்த வெட்டை நிலைப்படுத்தியது. 16×16 பிக்சல் கொண்ட பெருங்கட்டம் அதன் அடிப்படை அலகு. ஒளிக்கு நான்கு 8×8 கட்டங்கள். நிறத்துக்கு இரண்டு மட்டும். நிற வேறுபாட்டில் நம் கண் அவ்வளவு கூர்மையில்லை என்பதால், நிறத் தகவல் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக எடுக்கப்பட்டது.

720, 352

இதற்குள் தொலைக்காட்சி உலகம் தனக்கென ஓர் எண்ணைப் பிடித்துவைத்திருந்தது. அமெரிக்க முறை 525 வரி, ஐரோப்பிய முறை 625 வரி; இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஜிட்டல் அளவு வேண்டும் என்று 1982இல் ஏற்கப்பட்ட 601ஆம் பரிந்துரை 13.5 மெகாஹெர்ட்ஸ் என்ற மாதிரி வேகத்தைத் தேர்ந்தது. அந்த வேகத்தில் இரு முறைகளிலும் ஒரு வரிக்கு 720 பயனுள்ள பிக்சல்கள் கிடைத்தன. 720×576, 720×480 என்ற அளவுகள் அங்கிருந்து வந்தவை. 720, 576, 480 மூன்றும் 16ஆல் வகுபடுபவை.

இதில் பாதி எடுத்தால் 360. ஆனால் 360ஐ 16ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை வருகிறது. அரைப் பெருங்கட்டம் கிடையாது என்பதால், ஓரத்தில் 8 பிக்சலை நறுக்கி 352×288 என்று வைத்தார்கள். எச்.261இன் இந்த அளவை 1993இல் வந்த வி.சி.டி. அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு வட்டில் 74 நிமிடம்தான்; அதனால் ஒரு தமிழ்ப் படம் பார்க்க இரண்டோ மூன்றோ வட்டு மாற்றவேண்டியிருந்த தலைமுறைக்கு 352 என்ற எண் தெரியாமலே பழக்கமானது.

கணினிக்காரர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1991 டிசம்பரில் ஆப்பிளின் காணொளி மென்பொருளான குவிக்டைமும் பிரீமியரின் முதல் பதிப்பும் வெளிவந்தபோது 160×120 என்ற தபால்தலை அளவே சாதாரணம். அக்காலத்துச் சினிபேக் கோடெக் 4×4 கட்டங்களில் வேலை செய்ததால், அகலமும் உயரமும் 4இன் மடங்காக இருந்தாலே போதும் என்றது. கணினித் திரையின் பிக்சல் சதுரம். தொலைக்காட்சி பிக்சல் சதுரமல்ல. 720×576 என்பதைச் சதுரப் பிக்சலாகப் பாவித்து எக்ஸ்போர்ட் போட்டால், 4:3 படத்தில் மணப்பெண்ணின் வட்டப் பொட்டு நெடுக்கில் நீண்டு முட்டையாகும். கணினிக்கு 768×576 என்று கொடுப்பதே சரி. இந்தத் தவறோடு எத்தனையோ திருமண ஆல்பங்கள் இன்றும் பீரோக்களில் இருக்கின்றன.

1080 தந்த தொல்லை

உயர்தெளிவுத் தொலைக்காட்சி 16:9 விகிதத்தையும் சதுரப் பிக்சலையும் ஏற்றபோது 1920×1080 பிறந்தது. 1920ஐ 16ஆல் வகுத்தால் 120. 1080ஐ வகுத்தால் அறுபத்தேழரை. உலகம் முழுவதும் ஏற்ற அளவே பெருங்கட்டத்துக்குள் அடங்கவில்லை. 2003இல் வந்த எச்.264 இதற்கு வைத்திருக்கும் வழி: 1088 வரிகளாக எழுதி, 'கடைசி 8 வரியைக் காட்டாதே' என்று கோப்பின் தலையில் ஒரு வெட்டுக் குறிப்பும் வைப்பது. குறிப்பைச் சரியாகப் படிக்காத பிளேயரில் படத்தின் அடியில் ஒரு பச்சைக் கோடு தெரியும். நெட்டுக்குத்தாகப் பிடித்த 1080×1920 ரீல்ஸில் அதே எட்டும் அடியிலிருந்து பக்கவாட்டுக்குப் போகும்.

அந்த வெட்டுக் குறிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமான நிறப்பாதி முறையில் அதை இரண்டிரண்டு பிக்சலாகத்தான் சொல்ல முடியும். ஆகவே எச்.264இல் ஒற்றைப்படை அகலமோ உயரமோ செல்லாது. 480 உயரமுள்ள 16:9 படத்துக்குச் சரியான அகலம் 853.33, 853 செல்லாது என்பதால் 854 ஆயிற்று. அகலத்திரைப் படத்தை 1920 அகலத்தில் 2.39 விகிதத்துக்கு எடுத்தால் 803 வரும். 804 என்று போடவேண்டும். எச்.264 கோப்பு எழுதும் எக்ஸ்264 நிரலுக்கு 803 கொடுத்துப் பார்த்தவர்களுக்கு 'உயரம் இரண்டால் வகுபடவில்லை' என்ற பொருளில் வரும் ஒற்றை வரிப் பிழைச்செய்தி மறக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று நிரலில் அகலத்தைக் கொடுத்து உயரத்துக்கு -2 என்று எழுதினால், விகிதத்தை ஒட்டிய இரட்டை எண்ணை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எச்.264இல் லெவல் என்று மற்றொரு வரம்பும் உண்டு. லெவல் 4.1இல் ஒரு படத்துக்கு 8192 பெருங்கட்டம் வரை அனுமதி. 1920×1088க்கு 8160 ஆகிறது. தனிப்பயன் அளவு கொடுக்கும்போது பிரீமியர் ஏற்காமல் முரண்டு பிடித்தால், முதலில் பார்க்கவேண்டியது இந்த லெவல் பெட்டியைத்தான்.

கட்டமே போடாத வழியைத் திரையரங்குகள் தேர்ந்தன. 2005இல் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்த டிஜிட்டல் சினிமா விதி ஜேபெக் 2000 முறையை எடுத்துக்கொண்டது. அது கட்டங்களுக்குப் பதில் சிற்றலைகளை (வேவ்லெட்) வைத்துக் கணக்கிட்டு, படம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. 2048×858, 1998×1080 என்று 16க்கு அடங்காத அளவுகளை அங்கே தயங்காமல் வைக்க முடிந்தது அதனால்தான். இதற்கு விலை கோப்பின் எடை: விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். எடிட்டிங் மேசைக்கென 2007இல் ஆப்பிள் தந்த புரோரெஸ்ஸும் இந்த வகைக் கனமான கோடெக்கே. விநோத அளவுகளையும் அது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும்.

2013இல் எச்.265 வந்தபோது அளவின் குறைந்தபட்ச அலகு 8 ஆக இறங்கியது. 1080 என்பது எட்டின் மடங்கு. 1088 தேவையில்லாமல் போயிற்று. கூகுளின் வி.பி.9, 2018இன் ஏவி1 ஆகியவை ஒற்றைப்படை அளவுகளையும் ஏற்கின்றன.

எல்.இ.டி. சுவர்

தனிப்பயன் அளவு இன்று அன்றாடத் தேவையாகியிருப்பது மேடைகளில். மாநாட்டிலும் திருமண மண்டபத்திலும் நிற்கும் எல்.இ.டி. சுவர் பெரும்பாலும் 500 மில்லிமீட்டர் சதுரப் பெட்டிகளை அடுக்கிக் கட்டுவது. 3.91 மில்லிமீட்டர் பிக்சல் இடைவெளி ரகத்தில் ஒரு பெட்டிக்கு 128×128 பிக்சல். அகலத்தில் 10, உயரத்தில் 5 என்றால் 1280×640. 16ஆல் அழகாக வகுபடும். 2.97 ரகத்தில் பெட்டிக்கு 168. ஏழுக்கு ஐந்து அடுக்கினால் 1176×840; இரண்டிலும் அரைக் கட்டம் தொங்கும், எச்.264 ஓரத்தை நிரப்பி வெட்டும்.

மேடையின் நெற்றியில் 3.91 ரகத்திலேயே நாற்பது பெட்டி நீளத்துக்கு, இரண்டு பெட்டி உயரத்துக்குப் பட்டை கட்டினால் 5120×256. பெருங்கட்டம் 5120தான், 1080 படத்தைவிடக் குறைவு. ஆனாலும் லெவல் 4.1 ஏற்காது, ஏனெனில் அந்த லெவலில் ஒரு பக்கம் 4096ஐத் தாண்டக் கூடாது. லெவலை உயர்த்தினாலும், பல வரைகலை அட்டைகள் எச்.264ஐ 4096 அகலத்துக்கு மேல் வாங்குவதில்லை. அதனால்தான் மேடைக்காரர்கள் ஹேப் போன்ற கோடெக்குகளைக் கேட்கிறார்கள். கோப்பு பெரிது, ஆனால் அட்டை அதை நேரடியாக ஓட்டிவிடும். அதன் கட்டம் 4×4. சினிபேக் கேட்ட அதே நான்கின் மடங்கு.

சுவருக்குப் படம் தயாரிப்பவர் பெட்டி எத்தனைக்கு எத்தனை, ஒரு பெட்டிக்கு எத்தனை பிக்சல், ஓட்டும் கணினியில் எந்தக் கோடெக் ஓடும் என்று மூன்றையும் ரெண்டருக்கு முன்பே கேட்டு வாங்கிவிடவேண்டும். கேட்காமல் 1920×1080 அனுப்பினால் மேடைக்காரர் அதைச் சுவருக்கு இழுத்துப் பொருத்துவார். பத்துக்கு ஐந்து சுவரில் தலைவரின் முகம் எட்டில் ஒரு பங்கு அகன்று தெரியும்.