திருப்பூர்ச் சாயக்கழிவு மேலாண்மை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு. இங்கு ஏற்றுமதிப் பின்னலாடை நிட்டிங், சலவை, சாயம், பிரிண்டிங், தையல் எனப் பல ஜாப் ஒர்க் நிறுவனங்களைக் கடந்தே உருவாகிறது; நீர் மாசின் பெரும்பங்கு சலவை, சாயக் கட்டங்களில் எழுகிறது. உப்பும் சாயமும் கலந்த கழிவு நொய்யலாற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்து, கீழ்ப்பகுதி வேளாண்மையைப் பாதித்தது.

கழிவு வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்துமாறு 2006இல் ஆணையிட்ட சென்னை உயர்நீதிமன்றம், அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. விதிகளை நிறைவேற்றியவை பின்னர் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

உயிரியல் சுத்திகரிப்பு, எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் ஆகிய படிகளில் நீரும் உப்பும் மீட்கப்பட்டுச் சாயமேற்றவே திரும்புகின்றன. இதற்கான செலவு சாயக் கூலியில் சேர்கிறது. எஞ்சும் கலவை உப்பை அகற்றுவது இன்னும் சிக்கலாகவே உள்ளது.