கொட்டியாரக் கரையும் கைதியின் கண்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் கீர்த்தியைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையில் தொடங்கி, எத்தனை பெரிய கப்பலையும் தாங்கும் உட்துறையின் ஆழத்தை வியந்து, 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த கதையோடு தங்கள் பிரசங்கத்தை முடித்துக்கொள்வார்கள். அத்துறைமுகத்திற்குத் தெற்கே, மகாவலி கங்கை நெடுந்தூரம் நடந்து வந்து சமுத்திரத்தோடு சங்கமிக்கும் இடத்தில் அகன்று கிடக்கும் கொட்டியாரக் குடாவைப் பற்றியும், அதன் கரையிலே நெல்வயலும் தென்னஞ்சோலையுமாக இருக்கும் மூதூரைப் பற்றியும் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பலர் இலங்கை மண்ணை முதன்முதலாக மிதித்தது இந்தக் குடாவின் கரையில்தான். 1620இல் டென்மார்க்குத் தேசத்துக் கப்பல்கள் இங்கே நங்கூரம் பாய்ச்சின. 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை இங்கே வந்து கூடாரமடித்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 1660இல், பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து நின்றது. அதில் வந்த ஓர் இளைஞனின் பேனாவினால்தான் அக்காலத்து இலங்கையின் கிராம வாழ்க்கை இன்றளவும் உலகத்தாருக்குத் தெரிகிறது.

அவன் பெயர் றொபேட் நொக்ஸ். அவனுடைய தந்தையாரின் பெயரும் அதுவே. அவர்தாம் கப்பல் தலைவர். கிழக்கிந்தியக் கம்பனியின் பணிக்காக 'ஆன்' என்னும் அக்கப்பல் 1658ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, சோழமண்டலக் கரையில் வியாபாரம் செய்துகொண்டிருக்கையில், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையில் பெரும் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றி நடுப் பாய்மரத்தையே வெட்டிக் கடலில் தள்ள வேண்டியதாயிற்று. புதிய மரம் நாட்டுவதற்கு நல்ல காடும் அமைதியான குடாவும் வேண்டும். அந்த வேலை நடக்கும் காலம் வீணாகாதிருக்கக் கொஞ்சம் துணி வியாபாரமும் நடக்க வேண்டும். இரண்டுக்கும் பொருத்தமான இடம் கொட்டியாரம் என்று சென்னைக் கோட்டை அதிகாரிகள் தீர்மானித்துக் கப்பலை அங்கே அனுப்பினார்கள். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த நம்மவர் வியாபாரிகள் சிலரும் அதே கப்பலில் ஏறி வந்தனர் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ஆங்கிலேயருக்கு அந்நியமாயிருந்த அக்கரை, பரங்கிப்பேட்டை வியாபாரிக்குப் பக்கத்து ஊர்ச் சந்தையைப் போன்றது.

கரையிறங்கிய முதல் நாட்களில் கப்பற்காரர் எச்சரிக்கையோடுதான் நடந்துகொண்டார்கள். ஆனால் ஊரார் மரியாதையாகப் பழகினார்கள். அவ்விடத்து அதிகாரியோ நல்வரவு கூறினார். கப்பலுக்கும் கரைக்குமாக விருப்பம்போல் போய்வந்தும் ஒரு தீங்கும் நேரவில்லை. ஆகவே சில வாரங்களில் சந்தேகம் முற்றிலும் தெளிந்து, இது நல்ல நாடு, நல்ல ஜனங்கள் என்ற அபிப்பிராயம் அவர்கள் மனத்தில் நிலைபெற்றுவிட்டது. ஊர் ஜனங்களைப் பொறுத்தவரை அந்த அபிப்பிராயத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஊரென்பது ஒன்று, அரசென்பது மற்றொன்று என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. கொட்டியாரம் அப்போது கண்டி மன்னனாகிய இரண்டாம் இராஜசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து, அழைக்கப்பட்டவர்களே புதிய எஜமானர்களாய்க் கரையெங்கும் உட்கார்ந்துகொண்டதைக் கண்டு மனங்கசந்திருந்த அம்மன்னன், கடலிலிருந்து வரும் வெள்ளைக் கப்பல் எதையும் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் ஆச்சரியமில்லை. மன்னனுக்கு ஓலையும் காணிக்கையும் அனுப்பும் வழக்கத்தைக் கப்பல் தலைவர் அனுசரிக்கத் தவறியது அந்தச் சந்தேகத்தை வளர்த்திருக்கலாம் என்று நொக்ஸே பிற்காலத்தில் எண்ணினான்.

மன்னனின் மாகாண அதிகாரியான திசாவை ஒருவர் படையோடு கீழிறங்கி வந்து, அரசனிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். தலைவர் முதலில் தம் மகனையும் ஒரு வியாபாரியையும் அனுப்பிவிட்டு, பிறகு தாமும் கரைக்கு வந்து ஒரு புளியமரத்தின் நிழலில் அமர்ந்திருந்தபோது, உடனிருந்தவர்களோடு பிடிபட்டார். 1660 ஏப்ரல் 4ஆம் தேதி நடந்த சம்பவம் இது. எதுவும் அறியாமல் கரைக்கு வந்த பெரிய படகின் ஆட்களும் அகப்பட்டனர். தந்தையும் மகனும் உட்பட மொத்தம் 16 பேர். பின்னர் மகனை மட்டும் கப்பலுக்குத் தூது அனுப்பினார்கள். கப்பலில் ஏறியவன் அங்கேயே தங்கிவிட்டிருந்தால் யாரும் அவனைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்குக்காகப் பத்தொன்பது வயது இளைஞன் தானே வள்ளமேறிச் சிறைக்குத் திரும்பி வந்தான். கப்பல் அவர்களை விட்டுப் புறப்பட்டுப் போயிற்று.

அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் 1893இல் நாட்டப்பட்ட கல்லொன்று, மரத்தடியில் பிடிபட்ட கப்பல் தலைவர் நொக்ஸ் 19 ஆண்டுகள் கைதியாயிருந்தார் என்று சொல்லுகிறது. மரத்தடியில் பிடிபட்ட தலைவர் ஓராண்டு முடியுமுன்னே இறந்துபோனார்; 19 ஆண்டு சிறையிருந்தவன் மகன். ஒரே பெயர் கொண்ட தந்தையையும் மகனையும் கல் ஒருவராக்கிவிட்டது. கல்வெட்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று கருதும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காட்டு வழியாக மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தப் பயணந்தான் நொக்ஸுக்கு இந்நாட்டின் மெய்யான முதல் தரிசனம். பகலில் நடை, இரவில் மரநிழலே கூரை, இலையே பாயும் பாத்திரமும். வழியிலிருந்த கிராமத்தார் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, வெள்ளை மனிதர்கள் எப்படி உண்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரயாண நூல்களில் பிரயாணி வேடிக்கை பார்ப்பவனாகவும் ஊரார் வேடிக்கைப் பொருளாகவும் இருப்பதே சாமானிய வழக்கம். இங்கே அது தலைகீழாயிற்று. பிற்காலத்தில் அவன் எழுதிய நூலில் அகங்காரம் குறைவாகவும் கவனிப்பு அதிகமாகவும் இருப்பதற்கு இதுவே மூலகாரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் கண்ணுக்குத் தானே காட்சியாய் நின்றவன், பிறரைப் பார்க்கும்போது கொஞ்சம் நிதானிப்பான்.

கைதிகளை ஊருக்கு ஒருவராகப் பிரித்து, அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பைக் கிராமத்தார் தலையில் வைத்தான் மன்னன். தந்தையையும் மகனையும் மட்டும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் ஒன்றாக வைத்தார்கள். அங்கே இருவரும் குளிர்சுரத்தில் விழுந்தனர்; 1661 பிப்ரவரியில் தந்தை காலமானார். அவர்களோடு மற்றொருவனும் இருந்தான்: தலைவருக்கு ஊழியம் செய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு கறுத்த சிறுவன். எஜமானர்கள் நோயில் தளர்ந்ததும் அவன் சொற்கேளாதவனாகிவிட்டான் என்று நொக்ஸ் குறைப்படுகிறான். தமிழ்ப் பிள்ளையாக இருந்திருக்கக்கூடிய அவனுடைய பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. தன் ஊரையும் உற்றாரையும் விட்டு, பிறர் வியாபாரத்துக்காகக் கடல் கடந்து, பிறர் குற்றத்துக்காகச் சிறைப்பட்ட ஒரு பையன், அதற்குமேல் ஏன் சொற்கேட்க வேண்டும் என்பதற்கு நொக்ஸிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பையனுடைய முதல் அபிப்பிராயங்களை எழுதிவைக்க ஒருவரும் இல்லை.

தனித்துவிடப்பட்ட நொக்ஸ் தொப்பி பின்னி விற்றான். பன்றியும் ஆடும் வளர்த்தான். நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டியாக நெல்லே வாங்கினான். போர்த்துக்கேயர் விட்டுப்போன பொருள்களோடு ஒரு கிழவரின் கைக்கு வந்திருந்த ஆங்கில வேதாகமம் ஒன்றை, பின்னிய தொப்பி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டான். இப்படி வாழ்ந்தவன் நாட்டைப் பார்த்த விதமே வேறு. தாளிப்பனையின் ஓர் இலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்றும், அதையே விசிறிபோல மடித்தால் கையில் பிடித்துக்கொண்டு போகலாம் என்றும் அவன் எழுதுவது, அந்த இலையின் கீழ் ஒதுங்கிய அனுபவம். மழைக்காலத்துக் காட்டு வழியில் அட்டை ஏறாதிருக்க, எலுமிச்சம் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து கோல் நுனியில் கட்டி, நடந்துகொண்டே காலில் தட்டிக்கொள்ளும் உபாயத்தை அவன் விவரிக்கும்போது, படிப்பவர் தம் காலைக் குனிந்து பார்த்துக்கொள்வார். மாடுகளைச் சுற்றி நடத்திச் சூடு மிதிப்பதை அவன் வர்ணிக்கும் பக்கத்தைக் கொட்டியாரத்துக் களவெட்டியில் நின்ற எந்தக் கமக்காரனிடம் படித்துக் காட்டினாலும், எழுதியவன் வயலைத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொள்வான். 1681இல் இலண்டனில் அச்சான அந்நூலுக்கு விஞ்ஞானி றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். பிற ஐரோப்பிய பாஷைகளிலும் அது விரைவில் பெயர்க்கப்பட்டது. டானியல் டீபோ தம் நாவல் ஒன்றில் நொக்ஸின் விருத்தாந்தத்தைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

இத்தனை கூர்மையான கண் கொட்டியாரத்தில் எதைக் கண்டது என்று தேடினால், ஏமாற்றமே மிஞ்சும். குடா, ஊரதிகாரியின் உபசாரம், புளியமரம், பிடித்த படை ஆகியவற்றோடு சரி. அவன் கப்பல் நின்ற இடத்துக்கு எதிரே, குடாவின் வடபுறத்தில், சம்பந்தர் தேவாரம் பெற்ற கோணேசர் கோயில் முன்னர் இருந்தது. 1622இல் போர்த்துக்கேயர் அதை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிய துயரத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவன் வந்த காலத்தில் உயிரோடிருந்திருப்பார்கள். கொட்டியாரப்பற்று, வன்னிமைகள் என்னும் குறுநிலத் தலைவர்களின் ஆட்சிக்குட்பட்ட தமிழ்நிலம். கோணேசருக்கு நெல்லும் ஊழியமும் செலுத்திய பூமி. தெற்கே வெருகலில் வேலாயுதசுவாமி கோயில். இவற்றில் ஒன்றும் அவன் நினைவில் பதியவில்லை. கடற்கரையில் சில வாரம் நின்றவனுக்குப் பாய்மரத்துக்கு ஏற்ற மரம் எது என்பதே கவலை. அதன்பின் உயிரே கவலை. ஆதலால் அவனைக் குறைகூற நான் துணியமாட்டேன். ஆனால் இலங்கையின் வரலாற்றை அவன் நூலைக்கொண்டு எழுதியவர்கள், வாசலைக் கவனியாமல் உள்ளறையை மட்டும் வர்ணித்த அந்தக் குறையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள்; அவர்களைக் குறைகூறலாம்.

வாசலைக் கவனிக்கும் பொறுமையோடு வந்த ஐரோப்பியர் வெகு பிந்தியே தோன்றினார். 1786இல் திருகோணமலை ஒல்லாந்த அதிகாரியாயிருந்த வான் சென்டன் கொட்டியாரத்திலும் தம்பலகாமத்திலும் ஊர் ஊராகச் சுற்றி, குளங்களையும் வயல்களையும் பார்த்து நாட்குறிப்பு எழுதினார்.

நொக்ஸ் தமிழர் நிலத்தை மறுபடி கண்டது தப்பியோடும்போதுதான். 1679 செப்டம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழனோடு, சில்லறைச் சாமான் விற்பவன்போல வேடமிட்டு வடக்கே புறப்பட்டு, அனுராதபுரத்தை அடைந்தான். அங்கே இருந்தவர்கள் அக்காலத்து ஐரோப்பியர் 'மலபார்' என்று குறித்த தமிழர், சிங்களம் விளங்காதவர்கள். பத்தொன்பது ஆண்டுகளாய்ச் சிங்களம் பேசிப் பழகி, மலைநாட்டுக்காரனாகவே மாறிப்போயிருந்த அவன், அங்கே மறுபடி ஊமையானான். ஆனால் இம்முறை கண்கள் திறந்திருந்தன. ஊர், வழிகள், வன்னியனின் எல்லை யாவற்றையும் கவனித்துக்கொண்டு, அருவியாற்றின் கரையோடு காட்டுக்குள் நடந்து, அக்டோபர் 18ஆம் தேதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையைச் சேர்ந்தான். ஆகவே பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிரதேசத்தைப் பற்றி நொக்ஸிடம் சாட்சி தேடுகிறவர்கள், மூதூரில் அவன் பிடிபட்ட முதற் பக்கங்களை விட்டுவிட்டு, அனுராதபுரத்திலிருந்து அரிப்பு வரை அவன் நடந்த கடைசிப் பக்கங்களைப் படிப்பதே முறை.